திரைக்குப் பின்னால் ஜிபிஎஸ்: எதை வாங்குவது?

வணக்கம் ஐயா. கும்பகோணத்தில் நீங்களே கட்டும் விமானத்தின் கருவித் திரைக்கு, கண்ணுக்குத் தெரியாமல் பதுக்கக்கூடிய ஜிபிஎஸ் ரிசீவர் எது என்று கேட்டிருந்தீர்கள்.

கருவிப் பலகையின் மேல்மூடி எதனால் ஆனது? கண்ணாடியிழையும் மரமும் சிக்னலை விட்டுவிடும். அலுமினியமும் கார்பன் இழையும் அடைத்துவிடும். மூடி அவற்றால் ஆனதென்றால், ஆன்டெனா தனியாக உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்தது இணைப்பு. இதில்தான் நான் ஒரு ரிசீவரைக் கருக்கினேன். திரை ஆர்எஸ்-232 (அதிக வோல்ட்டில் தரவு அனுப்பும் கம்பி இணைப்பு) வகை என்றால், 3.3 வோல்ட் டிடிஎல் (குறைந்த வோல்ட்டில் தரவு அனுப்பும்) ரிசீவரை நேராகக் கோக்கவே கூடாது. எதிர்முனையில் 15 வோல்ட் வரை வரலாம். நடுவில் வோல்ட் அளவை மாற்றித் தரும் மாற்றி அவசியம். திரை நொடிக்கு 4800 பிட் தரவு வேகத்தில் கேட்க, ரிசீவர் 9600இல் பேசினாலும் வரைபடம் வெறுமையாகவே கிடக்கும்.

பிளக் முனைகளைத் தவறாமல் மூடுங்கள். நம் ஐப்பசி ஈரத்தில் ஒரே மாதத்தில் என் பிளக் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது.