மினசோட்டாவில் பத்து வயதுப் பையனை ஊர் அசோசியேஷன் ஐஸ் ஹாக்கி அணியிலும் எலைட் 'ட்ரிபிள் ஏ' அணியிலும் ஒரே நேரத்தில் ஆட விடலாமா?

இரண்டிலும் ஆடலாம். "ஒரே நேரத்தில்" என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். இந்த மாநிலத்தில் குளிர்காலம் அசோசியேஷனுக்கு, அதாவது ஊர்க்காரர்களே நடத்தும் ஹாக்கி சங்கத்துக்குச் சொந்தம். மார்ச்சில் சீசன் முடிந்த பிறகு, வசந்தத்திலும் கோடையிலும் எந்தத் தனியார் ட்ரிபிள் ஏ அணியில் சேர்ந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

நீங்கள் மிச்சிகன் அல்லது இல்லினாய் பக்கமிருந்து புதிதாக வந்தவர் என்று ஊகிக்கிறேன். அங்கே குளிர்காலம் முழுக்க ஆடும் 'டயர் ஒன்' என்ற உச்சநிலை கிளப்புகள் எந்த ஊர்ப் பையனையும் எடுத்துக்கொள்ளும். இங்கே அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஹாக்கி நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி படித்த ஷாட்டக் செயின்ட் மேரிஸ் மாதிரி விடுதிப் பள்ளி இருக்கிறது, ஆனால் அது தனிக் கதை. மற்றபடி மினசோட்டா ஹாக்கி அமைப்பின் கீழ் பையன் ஆடப்போவது உங்கள் வீடு இருக்கும் ஊரின் அசோசியேஷனில், அல்லது அவன் பள்ளி இருக்கும் ஊரின் அசோசியேஷனில். வேறு ஊருக்குப் போக 'வேவர்' என்ற விலக்கு அனுமதி வேண்டும். உங்கள் அசோசியேஷன் விட வேண்டும், அந்த அசோசியேஷன் ஏற்க வேண்டும், மாவட்ட இயக்குநரும் சரி சொல்ல வேண்டும். "அங்கே கோச் நல்லவர்" என்பதெல்லாம் காரணமாக எடுபடாது.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. என் மகள் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் டிஃபன்ஸ் ஆடியபோது ஒரு கோடை அணியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கோச் கூப்பிட்டு, செப்டம்பரில் சிறப்பு முகாம், எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்றார். தேதியைப் பார்த்தால் எங்கள் அசோசியேஷன் டிரைஅவுட், அதாவது பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் தேர்வு, நடக்கும் அதே வார இறுதி. எங்கள் அசோசியேஷனில் முன்கூட்டி எழுதிக் கேட்காமல் டிரைஅவுட்டுக்கு வராவிட்டால் கடைசி அணிதான். அவருக்கு அது தெரியும். இந்த ஊரிலேயே வளர்ந்தவர், தெரியாமல் எப்படி இருக்கும்? "டிரைஅவுட் எல்லாம் அரசியல், இங்கே வந்தால்தான் வளர்வாள்" என்றார்.

மகளிடமே கேட்டோம். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் டிரைஅவுட்டில் இருப்பார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். போனாள். எண் போட்ட ஜெர்சி மாட்டி, கண்ணாடிக்கு அப்பால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த வெளியூர் மதிப்பீட்டாளர்கள் முன்னால் ஆடினாள். ஏ-க்கு அடுத்த நிலையான பி அணி கிடைத்தது. அடுத்த கோடையில் அந்த எலைட் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அதே பி அணியில் அவளைக் கேப்டனாக்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமையடிக்கிறேன் என்றால் ஆமாம், அடிக்கிறேன்.

"நீ அசோசியேஷன் ஆள், அதனால்தான் தாங்குகிறாய்" என்று கமெண்டில் வருவீர்கள். பதிவு மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்தவன் நான் என்பது உண்மை. அதனால்தான் மறுபக்கமும் தெரியும். பக்கத்து ஊர் அணி வலுவானது என்பதற்காக அங்கே அபார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்து மின்கட்டண ரசீது காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு ஊர்ப் பள்ளியில் சேர அனுமதிக்கும் 'ஓபன் என்ரோல்மென்ட்' வழியாகப் பிள்ளையின் பள்ளியையே மாற்றியவர்களும் உண்டு. அது விதிப்படி செல்லும், ஆனால் அந்தப் பிள்ளை கணக்கு டீச்சரை மாற்றியது ஹாக்கிக்காக. அசோசியேஷனில் போர்டு உறுப்பினரின் பிள்ளைக்கு ஏ அணி கொஞ்சம் எளிதாகக் கிடைக்கிறது என்ற புகாரையும் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் பத்து வயதுக்கு இந்த ஏற்பாடு நல்லதென்றே நினைக்கிறேன். ஊர்க்காரர்களிடம் கேட்டால் உடனே 1980-க்குப் போய்விடுவார்கள். சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்க ஒலிம்பிக் அணியின் 20 பேரில் 12 பேர் மினசோட்டாக்காரர்கள், கோச் ஹெர்ப் புரூக்ஸ் செயின்ட் பால்காரர். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் செலவு. கோடை அணிக்கு நான் கட்டிய பணம் முழுக்க என் பையிலிருந்து போனது. அசோசியேஷன் ஐஸ் வாடகையில் ஒரு பங்கு, பாரில் உட்கார்ந்து ஆட்கள் கிழிக்கும் 'புல் டேப்' சீட்டு வருமானத்திலிருந்து வருகிறது. சட்டப்படியான அறக்கொடைச் சூதாட்டம்தான். கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "லாட்டரிச் சீட்டுக் காசிலா பேத்தி விளையாடுகிறாள்?" என்று கேட்டார். அவருக்கு ஹாக்கி என்றால் தரையில் ஆடுவது, காசு கேட்காதது.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும். இங்கே ஒரு தமிழ் அமைப்பின் பொங்கல் விழா எங்கள் டோர்னமென்ட் நாளிலேயே விழுந்தது. நாங்கள் போகவில்லை. மேடையில் ஒருவர், "சிலருக்குப் பனிச்சறுக்குதான் பண்பாடு" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாராம். அதற்கு முந்தைய வருடம் அதே விழாவில் நாற்காலி அடுக்கியது யார்? நான். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன் இப்போது ஸ்குவர்ட், அதாவது 10 வயதுக்குட்பட்டோர் பிரிவு. உடலால் மோதும் செக்கிங் பான்டம் (14 வயதுக்குட்பட்டோர்) பிரிவில்தான் தொடங்கும், ஏ-க்கு மேலான 'டபுள் ஏ' பீவியில் (12 வயதுக்குட்பட்டோர்)தான் வரும். எலைட் முத்திரைக்கு இப்போது அவசரமே இல்லை. கோடையில் ஆட ஆசைப்பட்டால் ஆடட்டும். அந்த அணி தேசிய ஹாக்கி அமைப்பான யு.எஸ்.ஏ. ஹாக்கியின் கீழ் பதிவானதா, ஏ.ஏ.யூ. என்ற வேறொரு விளையாட்டு அமைப்பின் கீழா என்று முதலில் கேளுங்கள், காப்பீடு அதைப் பொறுத்தது. அசோசியேஷன் ரெஜிஸ்ட்ராரிடம் டிரைஅவுட் தேதிகளை வாங்கிக் கோச்சிடம் காட்டி, அந்த நாட்களில் கூப்பிடமாட்டேன் என்று எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் முன்பணம் கட்டாதீர்கள். மறு வருடத்துக்கென்று நாங்கள் கட்டியது இன்னும் திரும்பி வரவில்லை.