பிரெஞ்சு வினைச்சொற்களை எப்படி அசை பிரிப்பது? அழுத்தம் எங்கே விழும்?

வினைத்திரிபு அட்டவணையை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வாய் திறக்க பயந்துகொண்டு இருக்கிறீர்கள், அப்படித்தானே? நானும் அதே கேஸ்தான். மார்க்குக்காகப் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவன், 200க்கு 189. பிரான்ஸில் உள்ள லியோனுக்கு மேல்படிப்புக்குப் போன முதல் வாரம், மொழி வகுப்பில் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை ஜம்மென்று 'இல் பார்லான்' என்றேன். வயதான அம்மா ஒருவர்தான் டீச்சர். சிரிக்கவில்லை, மேஜையில் ஒரே ஒரு தட்டு தட்டி 'பார்ல்' என்றார், மறுபடி ஒரு தட்டு. எழுத்தில் கடைசியில் தொங்கும் 'இ என் டி' மொத்தமும் ஊமை என்று 2 வருஷம் எனக்கு யாருமே சொல்லவில்லை!

அதாவது நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் ஒரே அசை, பார்ல். நாம், நீங்கள் என்று வரும்போதுதான் இரண்டு: பார்-லோன், பார்-லே. அழுத்தம் சொல்லுக்குச் சொந்தமில்லை, ஒரே மூச்சில் சொல்லும் சொற்கூட்டத்தின் கடைசி அசைக்குப் போய்விடும். அதுவும் இங்கிலீஷ் மாதிரி அடி இல்லை, லேசான நீட்டல்தான். நான் முதல் அசையிலேயே அமுக்கிக்கொண்டு இருந்தேன்.

மெய்யெழுத்து அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும், நம் கடல்+அலை மாதிரி. 'அவன் நேசிக்கிறான்' இல்+எம், ஆனால் வாயில் வருவது இ-லெம். பன்மையில், எழுத்தில் 'இல்'லின் கடைசியில் ஊமையாகக் கிடந்த 'எஸ்' உயிர்பெற்று இல்-ஸெம் ஆகிவிடும், அந்த ஸவை இங்கிலீஷ் 'ஜூ'வில் வரும் இஸட் போலச் சொல்லுங்கள். 'வாங்குகிறேன்' ஜ-ஷெத், 'வாங்குகிறோம்' நூ-ஸாஷ்-தோன். முதலாவதில் 'இ' மேல் ஒரு கோடு போடுவது அழகுக்கில்லை, அழுத்தம் அங்கே இறங்குவதால் அந்த உயிர் ஊமையாக இருக்க முடியாது.

உடனே யாராவது 'தெற்கு பிரான்ஸில் மார்செய் பக்கம் கடைசி 'இ' கேட்குமே' என்று வருவார்கள். கேட்கும்தான், அங்கே பார்-ல என்பார்கள், அப்போதும் அழுத்தம் 'பார்' மேலேதான். நான் மொழியியல் படித்தவனில்லை, பட்டதைச் சொல்கிறேன்.