கேள்வி – பதில்: கரூருக்கு மட்டும் எப்படி இத்தனை தொழில்?

கேள்வி: பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறார்கள், கொசுவலை நெய்கிறார்கள், இரண்டு வங்கிகள் வேறு அங்கேதான் பிறந்தன. கோவை, திருச்சி அளவுக்குப் பெரிய ஊரும் இல்லையே, கரூருக்கு இது எப்படி வாய்த்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மேற்குக் கடற்கரையில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிறவர், நொய்யல் ஓரமாகக் கொடுமணலைத் தாண்டிக் கரூர் வந்துவிட்டால், அதற்கப்புறம் காவிரியைப் பிடித்துக்கொண்டு உறையூர், பூம்புகார் என்று போய்க்கொண்டே இருக்கலாம். கரூரை ஒட்டி ஓடும் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்ததற்கு இந்த வழிதான் காரணம். கரூர் பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் 'கருவூர் பொன் வாணிகன்' ஒருவர் என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் இருக்கிறது (கருவூர் என்பது கரூரின் பழைய பெயர்), இரும்பொறைச் சேரர் மூன்று தலைமுறையின் பெயரும் அதே மலையில்தான் இருக்கிறது. ராஜாவோடு வியாபாரியும் கல்லில் பேர் வெட்டிக்கொண்ட ஊர் அது.

அந்த வியாபாரப் புத்திதான் 1916-இல் கரூர் வைஸ்யா வங்கியாகவும், பத்தே வருஷத்தில் 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கியாகவும் வந்தது. இரண்டையும் தொடங்கியவர்கள் உள்ளூர் வணிகர்கள். லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்க்கப்பட்டது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா தேறவில்லை. சொந்த ஊர் வங்கி என்று நம்பி வைத்திருந்தவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

கைத்தறி இருந்த ஊர் என்பதால் படுக்கை விரிப்பு, துண்டு, சமையலறைத் துணி என்று ஏற்றுமதிக்கு மாறுவது இயல்பாக நடந்தது. புகளூரில் கரும்புச் சக்கையில் இருந்து காகிதம் செய்யும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை) அரசு நிறுவனம், அது 1979-இல் தொடங்கப்பட்டது.

கேள்வி: சேரர் தலைநகர் வஞ்சி கரூர்தானா, கேரளத்துக் கொடுங்கல்லூரா? (வாசகி, திருச்சி)

பதில்: கேரளத்து ஆய்வாளர்கள் பலர் கொடுங்கல்லூர்ப் பக்கம் உள்ள திருவஞ்சைக்களம் என்பார்கள். என் ஓட்டு கரூருக்கு. பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி சேரர் தலைநகரை உள்நாட்டு ஊராகத்தான் 'கரூரா' என்று குறிக்கிறார், காசும் கல்வெட்டும் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

கேள்வி: அமராவதியை ஏன் இப்படி விட்டோம்? (வாசகர், கரூர்)

பதில்: துணி விற்ற காசு ஊருக்கு வந்தது, சாயக் கழிவு ஆற்றுக்குப் போனது, அவ்வளவுதான். உடுமலைப் பக்கம் அணை கட்டித் தேக்கியபின் கீழே வருவதே கொஞ்சம் தண்ணீர், அதில் சாயப்பட்டறைக் கழிவும் கலந்தால் ஆறு எப்படித் தாங்கும்? திருமுக்கூடலூரில் காவிரியில் சேர்வதற்குள் ஆற்றோரக் கிணறுகளில் எல்லாம் உப்பேறிவிட்டது. நொய்யலோரத்துக் கரூர் விவசாயிகள் பாவம், அவர்களுக்குத் திருப்பூர்ச் சாயமும் சேர்ந்து வந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பதை எல்லோரும் காதில் வாங்கினார்கள். சுத்திகரிப்புக்குச் செலவு அதிகம், உண்மைதான். அதைத் துணியின் விலையில் சேர்த்து வெளிநாட்டில் வாங்குகிறவரிடம்தான் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தச் செலவை அமராவதி, நொய்யல் பக்கத்து விவசாயி தன் கிணற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.