பெட்டியை வீட்டில் போய்த் திறக்காதீர்கள்

கேள்வி: கத்தாரிலிருந்து மச்சான் வந்து மூன்று நாள் ஆகிறது. செக்-இன் பெட்டியில் வைத்திருந்த போனும் வாட்சும் இல்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தோம். இனிமேல் புகார் கொடுத்தால் எடுபடுமா?

கொடுக்கலாம், நாள் இருக்கிறது. எடுபடுமா என்பது உங்கள் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதே விஷயத்தில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன், என் சித்தப்பா மகன் ஒருமுறை ஜெயித்திருக்கிறான். இரண்டையும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். குவைத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை. 2022-ல் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தேன். நேர் விமானத்துக்கு டிக்கெட் விலை கூடுதல் என்பதால் நடுவில் ஒரு இடத்தில் மாறி வந்தேன். எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்கே இறங்கினாலும் வீடு வந்து சேரச் சில மணி நேரம் ஆகிவிடும். வெளியே வண்டி பிடித்துக்கொண்டு அப்பாவும் அத்தானும் இரவெல்லாம் காத்து நிற்பார்கள். இறங்கினவுடனே போன் வரும்: "பெட்டி வந்தாச்சா? பைய வா, நாங்க இங்கதான் நிக்கோம்." பைய வா என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு யார் பைய வருவார்கள்? பெல்ட்டிலிருந்து பெட்டியைத் தூக்கி டிராலியில் போட்டு, பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓட்டமாக வெளியே வந்தேன்.

வளைகுடாவிலிருந்து ஆள் வந்தால் எங்கள் ஊரில் பெட்டி எப்படித் திறப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். குளித்து, சாப்பிட்டு, பக்கத்து வீட்டு மாமி, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் திறப்போம். கோடாலி தைலம் யாருக்கு, டாங் யாருக்கு, கம்பளி யாருக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். தங்கச்சிக்கு வாங்கின போனின் டப்பாவை அவளே கையில் எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சார்ஜர் வயர் இருந்தது. மடித்த சின்னப் புத்தகம் இருந்தது. போன் உட்கார வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை, டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தேடும்போதுதான் அப்பாவுக்கு வாங்கின வாட்சும் இரண்டு சென்ட் பாட்டிலும் போயிருப்பது தெரிந்தது. "போனா போட்டும் மக்களே, நீ நல்லபடியா வந்து சேந்தியே" என்றார் அப்பா. அவர் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான்கு மாத ஓவர்டைம் காசு அது.

பூட்டு உடையாமல் எப்படி எடுத்தார்கள்? மறுநாள் வெயிலில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. ஜிப்பின் பல்வரிசை ஒரு இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு லேசாக நெளிந்திருந்தது. பக்கத்துத் துணியில் நீல மைக் கோடு. பால்பாயின்ட் பேனா. பேனா முனையைப் பல்லுக்கு நடுவே குத்தி இழுத்தால் ஜிப் வாயைப் பிளந்துவிடும். வேண்டியதை எடுத்த பிறகு, பூட்டின இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துப் பிடித்து அந்த இடத்துக்கு மேல் ஒருதடவை ஓட்டினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். நம்பர் பூட்டு போட்டிருக்கிறேன் என்று நாம் நிம்மதியாக இருப்போம், பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. சிவப்பு முத்திரை உள்ள டிஎஸ்ஏ பூட்டுக்கும் அதே கதைதான். அமெரிக்கச் சோதனைக்காரர்கள் வைத்திருக்கிற பொதுச் சாவிகளின் படம் வெளியே வந்து, 2015-லேயே ஆட்கள் அதைப் பார்த்துப் போலிச் சாவி செய்துவிட்டார்கள்.

எந்த ஊரில், யார் கை வைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று விமான நிலையம் கைமாறி வந்த பெட்டி. அதனால் யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல மாட்டேன். சுமை தூக்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போல நாள் முழுக்க வெயிலில் உழைக்கிற ஆட்கள்தான்.

இரண்டாம் நாள் விமான கம்பெனிக்குப் போன் செய்தேன். ஹாலை விட்டு வெளியே போய்விட்டீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அது சரியில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சர்வதேசப் பயணத்துக்கு 1999-ம் வருட மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும்; இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்த நேரத்தில் நடந்த இழப்புக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். பெட்டி வந்து உள்ளே சாமான் குறைந்திருந்தாலும் இந்த 7 நாளைத்தான் கெடுவாக வைத்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் நமக்கு எதிரான வரி ஒன்றும் இருக்கிறது. புகார் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனால், பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது நம் பாடு. நான் அங்கேதான் விழுந்தேன். செக்-இன் செய்யும்போது பெட்டிக் கைப்பிடியில் சுற்றுகிற டேக்கில் 29.6 கிலோ என்று அச்சடித்திருந்தது. சாமான்களை எல்லாம் திரும்ப அடுக்கி, ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோய் அங்குள்ள மின்தராசில் போட்டேன். 28.3 வந்தது. படம் எடுத்து மெயிலில் அனுப்பினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்த பெட்டியின் எடையை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. என் லீவு முப்பத்தைந்து நாள், அதில் கல்யாணம் வேறு. விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

சித்தப்பா மகன் 2024-ல் வந்தபோது நடந்தது வேறு. என் கதையைக் கேட்டிருந்ததால் பெல்ட் பக்கத்திலேயே பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், இலேசாக இருப்பதாகப் பட்டது. அங்கேயே கம்பெனி ஆளைக் கூப்பிட்டு எடை போடச் சொன்னான். டேக்கில் 25, தராசில் 23.4. அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டி, பிஐஆர் என்கிற புகார்த் தாளை எழுதி வாங்கினான். வெளியே அவனுடைய அம்மை போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் போனது, ஆனால் தாள் கையில் இருந்தது. சாமான் வாங்கின பில்களையும் அனுப்பினான். நாலு மாதத்தில் 38,000 ரூபாய் கணக்கில் வந்தது.

எவ்வளவு வரை கேட்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். எஸ்டிஆர் என்கிற சர்வதேசக் கணக்கில் ஒரு ஆளுக்கு உச்சவரம்பு உண்டு. நான் வந்தபோது 1288. 2024 டிசம்பர் 28 முதல் 1519. நம் காசுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது உச்சவரம்பு மட்டும்தான், போன சாமானின் மதிப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் வரம்பு 20,000 ரூபாய்தான். கடையில் தருகிற பில்லின் எழுத்து நாளாக ஆக அழிந்துபோகும், வாங்கின அன்றே போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் சாமான்களோடு ஒரு படம், மூடின பிறகு ஒரு படம்.

தங்கம், ரொக்கம், போன், பாஸ்போர்ட் எதையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே வேண்டாம். விலை உயர்ந்ததை வைக்கக் கூடாது என்று அவர்களின் நிபந்தனையில் எழுதியிருக்கும், பணம் கேட்கும்போது முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஜிப் பெட்டிதான் இருக்கிறது என்றால் இரண்டு இழுப்பான்களையும் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஜிப்பைப் பிளந்தாலும் இழுப்பானை ஓட்டி மூட முடியாது, திறந்தது பெல்ட்டிலேயே தெரிந்துவிடும். நான் இப்போது ஜிப்பே இல்லாத, கொக்கி போட்டு மூடுகிற பெட்டிதான் கொண்டுவருகிறேன். கூட்டிப்போக வருகிறவர்களிடமும் சொல்லிவிட்டேன், விமானம் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்று.

இனி உங்கள் மச்சான் விஷயம். மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது, இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்று இரவே மெயில் அனுப்புங்கள். இரண்டு கம்பெனி மாறி வந்திருந்தால் கடைசியாகக் கொண்டுவந்த கம்பெனிக்கு எழுதினால் போதும், வேறொருவரைக் கைகாட்டி அவர்கள் நழுவ முடியாது. விமான எண், தேதி, டேக் எண், காணாமல் போனவை, ஒவ்வொன்றின் விலை, இவ்வளவுதான் வேண்டும். ஜிப்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், நெளிவோ மையோ இருந்தால் கிட்டத்தில் படம் எடுத்துச் சேருங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் டப்பாவின் மேல் இருக்கும். அதை வைத்துப் பக்கத்து ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது.

கம்பெனி மறுத்தால், விமானப் பயணிகளின் புகாருக்காக அரசு நடத்துகிற ஏர்சேவா இணையதளத்தில் போடுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. இந்த அளவு வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. மச்சான் திரும்பப் போக வேண்டியிருந்தால் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டேக்கைத் தேடுங்கள். பெட்டிக் கைப்பிடியில் சுற்றியிருந்ததை வெட்டிக் குப்பையில் போட்டிருப்பீர்கள், குப்பையை எரிப்பதற்கு முன் கிளறிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் போர்டிங் பாஸின் பின்பக்கம் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று மச்சானிடம் கேளுங்கள். அந்த எண் அதிலும் இருக்கும்.