இளையவர் திருத்தினால் ஏற்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் சேகரத்தின் (திருச்சபை வட்டாரத்தின்) அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு, வரவு செலவுக் கணக்கு எழுதியவன் நான். கமிட்டிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்த தம்பி ஒருவர் அருகில் வந்து, "அண்ணாச்சி, விறகுக்கும் பாத்திர வாடகைக்கும் சீட்டு இல்லையே" என்றார். அன்று முதல் அவரோடு பேச மனம் வரவில்லை. முதிர்வயதுள்ளவரைக் கடிந்துகொள்ளாதே என்று பவுல் எழுதியிருக்க, அவர் செய்தது முறைதானா?
– வாசகர் ஒருவர், நாசரேத்

பதில்: நீங்கள் காட்டும் வசனம் (1 தீமோத்தேயு 5:1) பாதியில் நிற்கிறது. முதியவரைத் தகப்பனைப் போலப் பாவித்துப் புத்திசொல் என்பதே அதன் முழுக் கட்டளை. இளையவர் வாயைத் திறக்கவே கூடாது என்று பவுல் எழுதவில்லை. அந்தத் தம்பி கூட்டத்தில் எழுந்து கேட்காமல், தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்று ஆண்டவர் மத்தேயு 18:15-ல் கற்பித்த வழியில், "அண்ணாச்சி" என்று அழைத்துச் சொல்லியிருக்கிறார். இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாம் இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் சீரியாவின் படைத்தலைவன் நாகமான், குஷ்டரோகம் நீங்க யோர்தான் நதியில் ஏழுதரம் மூழ்கு என்ற எலிசா தீர்க்கதரிசியின் சொல்லைக் கேட்டு, தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை அல்லவா என்று உக்கிரத்தோடே திரும்பிப் போகிறான். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு, ஊர் ஆற்றின்மேல் அவனுக்கிருந்த பெருமை நன்றாகவே விளங்கும். ஆனால் அவனுடைய ஊழியக்காரர் கிட்டே வந்து, "தகப்பனே" என்று அழைத்து, பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்த எளியதைச் செய்யலாகாதா என்று கேட்கிறார்கள். சம்பளத்துக்கு நிற்பவன் எனக்குப் புத்தி சொல்வதா என்று நாகமான் எண்ணியிருந்தால், குஷ்டரோகத்தோடேயே ஊர் திரும்பியிருப்பான்.

தவற்றை ஒப்புக்கொள்வதிலும் இரண்டு வகை உண்டு. தங்களைக் கண்டித்த தீர்க்கதரிசிகளான சாமுவேலிடம் சவுல் அரசனும், நாத்தானிடம் தாவீது அரசனும், "பாவஞ்செய்தேன்" என்றே சொன்னார்கள். ஆனால் சவுல் அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான் (1 சாமுவேல் 15:30). தாவீதோ அரசனாக இருந்தும் தன் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மனத்தாங்கலும் சீட்டைப் பற்றியதன்று, கனத்தைப் பற்றியது என்றே எனக்குப் படுகிறது. இதை அன்போடுதான் சொல்கிறேன்.

திருத்துகிறவர் எப்போதும் சரி என்று வேதம் சொல்லவில்லை. யோபின் நண்பர்கள் தவறாகவே கடிந்துகொண்டார்கள். ஆகையால் முதலில் சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தத் தம்பியிடமே காட்டுங்கள். கிடைக்காவிட்டால், விறகுக் கடைக்காரரிடமும் பாத்திரம் வாடகைக்குக் கொடுத்தவரிடமும் தொகையை எழுதி வாங்கி, கணக்கோடு இணைத்து, விடுபட்டதை இன்னார் கவனித்துச் சொன்னார் என்று அடுத்த கமிட்டியில் நீங்களே அறிவியுங்கள். அதற்கு முன்பாகவே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நீங்களாகப் போய் அவரோடு பேசிவிடுங்கள்.