கேரட்டின் ஆரஞ்சு நிறத்தை பாக்டீரியாவிடமிருந்து எடுக்க, ஜீனை நுழைத்தால் மட்டும் போதுமா?

நிறம் வர வேண்டும் என்றால் போதும். விற்கிற அளவுக்கு வர வேண்டும் என்றால் போதாது. முதுகலை ஆய்வுக்காக ஓர் ஆண்டு ஈ.கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஈ.கோலைக்குச் சொந்தமாகக் கரோட்டினாய்டு, அதாவது கேரட், தக்காளிக்கு நிறம் தரும் வகைப் பொருள், தயாரிக்கத் தெரியாது. ஆனால் அதற்கு வேண்டிய 15 கார்பன் கொண்ட மூலப்பொருள் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. எர்வினியா என்ற மஞ்சள் நிற பாக்டீரியாவின் ஜீன்களை ஈ.கோலைக்குள் வைத்து, எந்த ஜீன் எந்த வேலையைச் செய்கிறது என்று ஜப்பானில் நோரிஹிகோ மிசாவா குழுவினர் 1990-இல் காட்டினார்கள். கேரட்டின் ஆரஞ்சான பீட்டா கரோட்டினுக்கு நான்கே ஜீன்கள்தான். முதலாவது, 15 கார்பனை 20 ஆக நீட்டும். அடுத்தது, அப்படி இரண்டை ஒட்டி 40 கார்பன் பைட்டோயீன் ஆக்கும். இதற்கு நிறமே கிடையாது! மூன்றாவது ஜீனின் நொதி அடுத்தடுத்து இரட்டைப் பிணைப்புகளைக் கோத்துக்கொண்டே போகும். வரிசையாக 11 சேர்ந்ததும் தக்காளிச் சிவப்பு, அதாவது லைக்கோப்பீன். நான்காவது அதன் இரு முனைகளையும் வளையமாக்கினால் ஆரஞ்சு.

சரி, இனிமேல்தான் தலைவலி. அதே மூலப்பொருளை நம்பித்தான் செல் தன் சுவரையும் கட்டுகிறது. நாம் பங்குக்குப் போனால் அது மெலிந்துவிடும். இந்த ஜீன்களை பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்துத்தான் செல்லுக்குள் ஏற்றினோம்; அதைக் கழற்றிவிடும் செல்களை வளரவிடாமல் தடுப்பது ஆன்டிபயாட்டிக்தான். ஒருமுறை தட்டில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பொடிப்பொடி ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளைக் காலனிகள், கொழுகொழுவென்று. நாங்கள் ஏற்றிவிட்ட பிளாஸ்மிடைக் கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாக வளர்ந்தவை அவை. வாரக்கணக்கான உழைப்பு போச்சு.

அதனால் இப்போது பலரும் ஜீன்களைக் குரோமோசோமிலேயே பதித்துவிடுகிறார்கள். மூலப்பொருள் பாதையின் முதல் நொதியையும் கூட்டுவார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது இடப் பிரச்சினை. கரோட்டின் தண்ணீரில் கரையாது, செல்லின் சவ்வுக்குள்தான் ஒண்டும். அங்கே எவ்வளவு கொள்ளும்? யாரோவியா மாதிரி எண்ணெய்த் துளிகளைச் சேமிக்கிற ஈஸ்ட் மீது ஆர்வம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், செய்து பார்ப்பதாக இருந்தால் குடுவையில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும். கடைசியில் செல்களை வடித்து அசிட்டோன் ஊற்றிக் குலுக்கும்போது பாருங்கள்: ஆரஞ்சு முழுக்க திரவத்துக்கு ஏறிவிடும், அடியில் வெளிறிய மாவு மாதிரி செல்கள் மட்டும் கிடக்கும்.