டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் கேம்பெய்னில் ஒரு தெய்வத்தையும் அண்டத்துக்கு அப்பாலுள்ள பயங்கரத்தையும் எப்படிப் பிணைப்பது?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் கதாபாத்திரங்களாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம்; பல அமர்வுகளாகத் தொடரும் கதைதான் கேம்பெய்ன். அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளில், மதுரைப் பக்கத்து நிலத்தை மாதிரியாக வைத்து உலகம் செய்கிறீர்கள். தெய்வமும் பயங்கரமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பயங்கரத்தையும் இன்னொரு கெட்ட சாமியாக எழுதிவிடுகிறோம். சாமிக்குப் படையல் வேண்டும், கோபம் வரும், கூப்பிட்டால் கேட்கும். அப்பால் இருப்பதற்கு இது எதுவும் கிடையாது. வார்லாக்குக்கு, அதாவது ஒப்பந்தத்தால் மந்திரம் பெறும் கதாபாத்திரத்துக்கு, சக்தி கொடுக்கும் கிரேட் ஓல்டு ஒன் என்ற அப்பாலைப் பயங்கரத்துக்கு, அப்படி ஒரு வார்லாக் இருப்பதே தெரியாமல் போகலாம் என்று 2014 விதிநூலே சொல்கிறது. ஆகவே முதலில் இரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்று முடிவு செய்யுங்கள்.

அச்சில் வந்த உலகங்களில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸில் வரும் தாரிஸ்டன், மற்றத் தெய்வங்கள் சேர்ந்து சிறை வைத்த தெய்வம். எல்டர் எலிமென்டல் ஐ என்ற பெயரில் அதைக் கும்பிடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் யாரைக் கும்பிடுகிறோம் என்றே தெரியாது. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தில் டௌ-ப்ரால் என்ற தெய்வம் உலகங்களின் எல்லையைத் தாண்டிப் போய், ஸோன்-குதோன் என்ற வேறொன்றாகத் திரும்பி வந்தது. அதே ஆட்டத்தில் ரோவாகுக் என்ற அழிவுத் தெய்வத்தை சரென்ரே வீழ்த்த, அஸ்மோடியஸ் அடைத்துப் பூட்டினான். நல்ல தெய்வமும் நரகத்தின் அரசனும் சேர வேண்டியிருந்தது.

உங்கள் நிலத்துக்கு இந்தக் கடைசி வகைதான், அதாவது காவல்தான், பொருந்தும். நகரை அழிக்க ஏவிய யானையும் பாம்பும் பசுவும் ஆனைமலை, நாகமலை, பசுமலையாகக் கல்லாகிக் கிடக்கின்றன என்ற கதை மதுரையைச் சுற்றியே இருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை இல்லை. சாத்திய கதவுக்கே சந்தனம் பூசி வழிபடுகிறார்கள். இந்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சாமியை எடுக்காதீர்கள். உங்கள் மேஜையில் உட்காரும் ஒருவருக்கு அது குலசாமியாக இருக்கலாம். பெயரும் சடங்கும் புதிதாகவே இருக்கட்டும்.

தாழ்காத்தான் என்று ஒரு தெய்வத்தை வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் திறக்காத கல்கதவு, அதற்கு ஏறிப்போக 18 படி. அமாவாசைதோறும் பூசாரி மூன்று காரியம் செய்வார்: ஆற்றுநீரால் வாசலைக் கழுவுவார், வாசலில் உப்புக்கோடு போடுவார், படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்குவார். ஊருக்கு இது வழக்கம். உண்மையில் ஒவ்வொன்றும் பூட்டின் ஒரு உறுப்பு. நீர் தவறினால் ஒலி கசியும், உப்பு தவறினால் தூரம் கெடும், எண்ணிக்கை தவறினால் காலம் கெடும். எது தவறினால் எது கெடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிக்க முடியாத பயங்கரம் நாலாவது செஷனில் வெறும் அலுப்பாகிவிடும்.

ஒரு தாளில் வட்டம் போட்டு 6 கட்டமாகப் பிரியுங்கள். சடங்கு தவறும் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். வைகை மாதிரி வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆற்றை வைத்தால், வில்லனே இல்லாமல் நெருக்கடி வந்துவிடும்: நீர் இல்லை, பூசாரி கிணற்றுநீரை ஊற்றிச் சமாளிக்கிறார். 1, 2 கட்டத்தில், மலையை நோக்கிக் கூப்பிட்டால் எதிரொலி முந்திக்கொண்டு வரும். 3, 4இல் கிணற்றுக் கயிறு வாரத்துக்கு ஒரு முழம் போதாமல் போகும். 5இல் ஏறும்போது 18 படி, இறங்கும்போது 19. இவற்றுக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.

பயத்தைக் கதாபாத்திரத்தின் மனசுக்குள் வைப்பதைவிட நிலத்தில் வைக்கச் சொல்வதற்கு விதி சார்ந்த காரணமும் உண்டு. 2014 பதிப்பில் குறுகிய காலப் பித்து 1டி10 (ஒரு பத்துமுகப் பகடையில் விழும் எண்) நிமிடம், நீண்ட காலப் பித்து 1டி10-ஐப் பத்தால் பெருக்கிய மணி நேரம். இரண்டையும் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் என்ற ஸ்பெல் (மந்திரம்) நீக்கிவிடும்; தெய்வத்தின் சக்தியால் மந்திரம் செய்யும் கதாபாத்திரமான கிளெரிக்குக்கு 3ஆம் லெவலிலேயே அது கிடைக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் படியை எந்த ஸ்பெல்லாலும் குணப்படுத்த முடியாது. அதேபோல் கதவுக்கு உள்ளே கிடப்பதற்கு ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், எழுதவே எழுதாதீர்கள். எண் இருந்தால் அதைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வாள் வீச ஆள் வேண்டுமென்றால் கசிவால் மாறிய ஆடு மேய்ப்பவரையும் நாய்களையும் கொடுங்கள்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் கிளெரிக். தன் சாமி இத்தனை நாள் மறைத்தது என்று பாதியில் தெரிந்தால், ஆடுகிறவர் தன்னையே ஏமாற்றியதாக நினைப்பார். ஆகவே முதல் செஷனுக்கு முன்பே தனியாகக் கூப்பிட்டு, "உங்க சாமி ஒண்ணை மறைக்குது, காரணம் நியாயமானது, சம்மதமா?" என்று கேளுங்கள். கிளெரிக் தேர்ந்தெடுக்கும் துறையான டொமைனில் நாலெட்ஜைத் (அறிவு) தவிர்த்து லைஃப் (உயிர்) அல்லது வார் (போர்) கொடுங்கள். மறைப்பதே வேலையாக உள்ள தெய்வத்துக்கு அறிவு டொமைன் ஒட்டாது.

9ஆம் லெவலில் கிளெரிக்குக்குத் தெய்வத்திடமே கேட்கும் கமியூன் என்ற ஸ்பெல் வரும்: ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படியான மூன்று கேள்விகள். மறைத்த விஷயம் அதற்குள் வெளியே வந்துவிடுமாறு கதையை நகர்த்துங்கள். வராவிட்டாலும் பொய்ப்பதில் வேண்டாம். ஒரு தடவை பொய் சொன்னால் அந்த ஸ்பெல்லையே அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். தெய்வத்துக்கே தெரியாதவற்றுக்குத் தெளிவில்லை என்று பதில் சொல்ல விதி இடம் கொடுக்கிறது. காவல் காக்கும் தெய்வத்துக்கே உள்ளே கிடப்பது என்னவென்று தெரியாது என்று வைத்தால், அந்தப் பதிலும் உண்மையாகிவிடும்.

6ஆம் கட்டம் நிரம்பினாலும் எதையும் வெளியே வரவிடாதீர்கள். அடிவாரத்து ஊரை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே படிகளையும் கதவையும் அடுத்த ஊரின் எல்லையில் வையுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் அங்கேயே இருந்ததாகத்தான் நினைவு இருக்க வேண்டும்.